பாதையில் இறக்கிய என்ஜின்

நரிப்பாறை உயர்நிலைப் பள்ளியில் என்ஜினீயரிங் பிரிவு படித்த பையன்களுக்கு என்ஜினைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் திருத்தமாகத் தெரியும். அதன் கனம். எந்தத் திருப்பத்தில் முன்கம்புக்காரன் குனிய வேண்டும், எந்த ஏற்றத்தில் தோள் மாற்ற வேண்டும், எங்கே கால் வழுக்கும் என்பதெல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள். அது எப்படி ஓடுகிறது என்று கேட்டால் கரும்பலகையில் படம் போட்டுக் காட்டுவார்கள்.

அறுபத்திரண்டு, அறுபத்து மூன்றாம் வருசத்துச் சங்கதி இது. பிள்ளைகள் ஏட்டுப் படிப்போடு கைத்தொழிலும் கற்றுக்கொள்ள வேண்டும் என்று சர்க்கார் சில பள்ளிகளில் தனிப்பிரிவு வைத்தது. நல்ல யோசனைதான், அதில் நான் குறை சொல்ல மாட்டேன். நரிப்பாறைக்கும் ஒரு ஆயில் என்ஜின், அரம், ரம்பம், ஸ்பேனர், சுத்தியல் எல்லாம் வந்து இறங்கின. பள்ளியின் தாளாளர் தண்டாயுதபாணி பழனிக் கடைவீதிக்காரர். பள்ளிக்குள் அவர் மேனேஜர், ஊருக்குள் மொதலாளி. மலையில் அவருக்கு ஆரஞ்சுத் தோட்டம் உண்டு. என்ஜின் வந்த மாசமே, சும்மா கிடந்தால் துருப்பிடிக்கும் என்று சொல்லி அதைத் தன் தோட்டத்துக்கு இறக்கிவிட்டார். ஸ்பேனரும் அரமும் கண்ணாடி அலமாரிக்குள் போயின. சாவி அவர் இடுப்பில் இருந்தது.

வருசத்துக்கு ஒருமுறை இன்ஸ்பெக்டர் வருவார். அதற்கு முந்தின நாள் தோட்டத்திலிருந்து என்ஜின் பள்ளிக்கு ஏறும். அவர் பார்த்துவிட்டுப் போனதும் மறுபடி தோட்டத்துக்கு இறங்கும். நடுவில் இருப்பது ஜீப் போகாத மலைப்பாதை. மூங்கில் கம்பில் கயிறு கட்டி என்ஜினைத் தூக்குவது என்ஜினீயரிங் பிரிவுப் பையன்கள். அதற்குப் பெயர் செய்முறை வகுப்பு. வயிறு எரியாமல் இதை என்னால் எழுத முடியவில்லை.

பையன்கள் முனகினால் தாளாளர் சிரித்துக்கொண்டே சொல்வார்: "இதுவும் ஆயுதந்தான்டா. முருகன் கையில வேல் மாதிரி. சாமியைத் தூக்குறோம்னு நெனைச்சுத் தூக்குங்க. நடுவழியில கீழ வைக்கப்படாது." என்ஜினுக்குச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, சாமந்தி மாலையும் போட்டுவிடுவார். யாரிடம் எதைச் சொன்னால் வேலை நடக்கும் என்று அந்த மனுசருக்கு நன்றாகத் தெரியும்.

ஏனென்றால் அந்தப் பாதை பேத்துப்பாறைக்குக் கீழே கூழாம்பள்ளம் என்கிற ஊர் வழியாகப் போகிறது. கூழாம்பள்ளத்துக்காரர்கள் சுமக்கிறதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறவர்கள் அல்ல. அவர்களுடைய சாமி பாதைக் கருப்பன். முன்னொரு காலத்தில் அந்தச் சிலையை உச்சிக்குத் தூக்கிப் போனவர்கள், தண்ணீர் குடிக்க வழியில் இறக்கி வைத்தார்களாம். இறக்கின சாமியை மறுபடி தூக்கக் கூடாது, இறங்கின இடம்தான் அதற்கு இடம் என்பது ஊர் வழக்கம். அதனால் கருப்பன் இன்றைக்கும் பாதையோரத்தில்தான் நிற்கிறான். திருவிழாவில் சப்பரம் தூக்குகிறவர்கள் தோள் மாற்றுவார்களே தவிர, கோயில் சேரும் வரைக்கும் தரையில் வைக்க மாட்டார்கள். வீட்டுக்கு வீடு பெண்கள் அவர்கள் காலுக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். தூக்கினவனுக்கே சாமியைத் தொட்டு மாலை போடுகிற உரிமை. சாமியின் குணம் அவனுக்குத்தான் தெரியும் என்று ஊர் நம்பியது.

சந்தனமும் மாலையுமாக என்ஜின் முதல் தடவை அந்தப் பாதையில் ஏறியபோது கூழாம்பள்ளத்துப் பெண்கள் குடத்தோடு வந்து நின்றார்கள். பையன்களின் காலுக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். முதலில் ஊற்றியவள் அன்னக்கொடி. முன்கம்பில் இருந்தவன் அவள் மகன் மலைச்சாமி. அடுத்த வருசமும் அவன்தான் முன்கம்பு. அந்த ஊரிலிருந்து உயர்நிலைப் பள்ளிக்குப் போன ஒரே பிள்ளை அவன்.

அன்னக்கொடியும் அவள் புருசன் அழகுமலையும் பூண்டு விவசாயம். மண் சுவர் வீடு. அடுப்புக்கு மேலே பரண் கட்டி, விதைப் பூண்டைக் கொத்துக் கொத்தாகத் தொங்கவிட்டிருப்பார்கள். அந்தப் புகையில்தான் பூண்டு கெடாமல் இருக்கும், வீட்டுக்காரர்களும் அந்தப் புகையில்தான் இருக்க வேண்டும். முருகன் படத்துக்குப் பக்கத்தில் மலைச்சாமி வரைந்த என்ஜின் படம் ஒட்டியிருந்தது. கலர் பென்சிலால் சிலிண்டர் சிவப்பு, சக்கரம் கறுப்பு, எண்ணெய்க் குழாய் மஞ்சள். அதற்கும் காலையில் ஊதுபத்தி காட்டினாள் அன்னக்கொடி. அது அவள் மட்டும் செய்த தப்பு என்று சொல்ல முடியாது, ஊரே அந்தப் படத்தை வந்து பார்த்துவிட்டுப் போனது.

மலைச்சாமி பள்ளிக் கடைசி வகுப்பான ஆறாம் பாரம் வந்த வருசம் ஐப்பசி மழை ஏமாற்றிவிட்டது. ஊன்றிய பூண்டு முளைத்து, தை பிறந்ததும் காய் பிடிக்கிற பருவத்தில் நின்றது. காலையில் பனி தாளைக் கருக்கியது, மத்தியானம் வெயில் சுருட்டியது. ஓடை கீழே பள்ளத்தில் ஓடிக்கொண்டிருந்தது, பூண்டு மேலே படிப்படியாக வெட்டிய காட்டில் காய்ந்துகொண்டிருந்தது. காவடி மாதிரி கம்பின் இரண்டு பக்கமும் தகரத்தைக் கட்டிச் சனங்கள் தண்ணீர் சுமந்தார்கள். இரண்டு பாத்தி நனைவதற்குள் முதுகு விட்டுப்போகும்.

ராமர் என்கிற ஊர்ப் பெரியதனக்காரர் கோயில் முன்னால் கூட்டம் போட்டார். அவர் அன்னக்கொடிக்கு அண்ணன் முறை.

"வத்தலக்குண்டுல பழைய என்ஜின் ஒண்ணு வெலைக்குக் கெடக்காம். கருப்பன் திருவிழாவை இந்த வருசம் நிறுத்தி வச்சிட்டு, அந்தப் பணத்துல வாங்கிப் போடலாம். ஆனா ஓட்டுறது யாரு?"

அழகுமலை எழுந்து நின்றான். அதுவரை ஊர்க் கூட்டத்தில் அவன் வாய் திறந்ததில்லை. "ஏன் மச்சான், எம் மகன் இல்லையா? ரெண்டு வருசமா அவன் சுமக்குற சாமானுதானே?"

"அதுஞ் சரிதான்" என்றது கூட்டம்.

அன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்தபோது மலைச்சாமி தகப்பனிடம் சொன்னான். "அய்யா, எனக்கு என்ஜின் ஓட்டத் தெரியாதுய்யா."

அழகுமலை களியை உருட்டி பீன்ஸ் குழம்பில் தோய்த்துக்கொண்டே சிரித்தான். "பாத்தியா அன்னக்கொடி, புள்ள எம்புட்டு அடக்கமாப் பேசுறான். படிச்ச புள்ளைக அப்பிடித்தான் பேசும்."

"நெசமாத்தான்யா சொல்றேன்."

"சரி சரி, தெரிஞ்சவன் தெரியும்னு சொல்ல மாட்டான். சாப்புடு."

இதற்கு மேல் ஒரு பையன் எப்படிச் சொல்வான்? தெரியாது என்று சொன்னாலும் தெரிந்ததற்கு அடையாளம் என்று எடுத்துக்கொண்டால் அவனுக்கு வேறு வழி ஏது?

வத்தலக்குண்டு என்ஜின் லாரியில் ரோடு வரைக்கும் வந்தது. அங்கிருந்து ஊர் ஆம்பிளைகள் தோளில் தூக்கி ஓடைக்கரையில் சேர்த்தார்கள். பெண்கள், சின்னப் பிள்ளைகள் எல்லாரும் கரையில் கூடினார்கள். ராமர் தேங்காய் உடைத்துச் சூடம் காட்டினார்.

"ஏலே மலைச்சாமி, வா. கும்புட்டுட்டுச் சுத்து."

"மாமா, நான் இதுவரைக்கும் ஒரு நாளும்..."

"கூச்சப்படாதலே. நம்ம சனந்தானே நிக்குது."

பையன் என்ஜினைச் சுற்றி வந்தான். தெரிந்ததைச் செய்தான், பாவம். ஒவ்வொன்றையும் தொட்டுப் பெயர் சொன்னான். "இது சிலிண்டர். இது பம்பு. இது எண்ணெய்க் குழாய். இது டிகம்ப்ரஷன் லீவர்." அந்தப் பெயர் ஊருக்குள் முதல் தடவையாகக் காதில் விழுந்தது. ஒரு கிழவர் கையெடுத்துக் கும்பிட்டார். அழகுமலை மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, பார்த்தீர்களா என்பதுபோலச் சுற்றிலும் பார்த்தான்.

மலைச்சாமி கைப்பிடியை மாட்டிச் சுற்றினான். சக்கரம் முனகியது, நின்றது. மறுபடி சுற்றினான். கரையில் பேச்சு குறைந்தது. லீவரைத் தூக்கினான், கீழே தள்ளினான், எப்போது எதைச் செய்ய வேண்டும் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? சக்கரம் வேகம் எடுக்கிற வரைக்கும் லீவர் தூக்கியே இருக்க வேண்டும், அவன் அதற்கு முன்னாலேயே போட்டுவிட்டான். என்ஜின் ஒரு உதை உதைத்தது. கைப்பிடி பின்பக்கமாகத் திருப்பி அடித்து வலது மணிக்கட்டில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் கரையில் நின்றவர்களுக்குக் கேட்டது.

கட்டுப்போடுகிறவர் வந்து மூங்கில் பத்தை வைத்து, முட்டை வெள்ளைக்கரு தடவிய துணியைச் சுற்றிவிட்டுப் போனார். ராமர் வாசலில் நின்றபடியே பேசினார்.

"தங்கச்சி, எனக்கும் வருத்தந்தான். ஆனா ஊர் வாயை நான் மூட முடியாது. கருப்பன் காசை ஓடையில போட்ட குடும்பம்னு பேசுறாக. இந்த வாரத்துக்குள்ள தண்ணி ஏறலைன்னா பூண்டு கொண்டைக்கடலை அளவுக்குக்கூடப் பருக்காது. அப்புறம் எவனுக்கும் வெதைக்குக்கூட மிஞ்சாது."

"வித்தவன் ஆள் அனுப்புறேன்னானே அண்ணே?"

"இன்னைக்கு நாளைக்குங்கிறான். மொதலாளி தோட்டத்துல என்ஜின் ஓட்டுறவன்கிட்டயும் அழகுமலை போயிக் கேட்டான். அவரு சோத்தைத் தின்னுட்டு ஒங்க ஊருக்கு வந்தா என் சோலி போயிருமுன்னு கதவைச் சாத்திட்டான்."

அவர் போன பிறகு அன்னக்கொடி மகன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் முகத்தைப் பார்த்து மலைச்சாமி சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

"மூணு வருசமா அங்க என்னலே செஞ்ச?"

"படிச்சேன் ஆத்தா."

"என்ன படிச்ச?"

"வாத்தியாரு படம் போடுவாரு. பேரெல்லாம் எழுதிப் போடுவாரு. நாங்க பாத்து எழுதுவோம்."

"ஒரு நாளாவது சுத்திப் பாத்திருக்கியா?"

"இல்ல."

"அந்த ஸ்பேனரு, அது இதுன்னு சொல்வியே, கையில புடிச்சுப் பாத்திருக்கியா?"

"அலமாரியில இருக்கும். கண்ணாடி வழியாக் காட்டுவாரு. தொட்டா மேனேஜர் வைவாருன்னு சொல்வாரு."

"அப்ப என்னத்துக்குலே அந்த என்ஜினைத் தூக்குன?"

"தூக்கச் சொன்னாக."

அன்னக்கொடி எழுந்து போய்ச் சுவரில் இருந்த என்ஜின் படத்தைக் கிழித்தாள். சுக்கு நூறாகக் கிழித்து அடுப்பில் போட்டாள். பிறகு தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். பையன் மேல் வந்த கோபம் அல்ல அது. அவன் காலுக்கு அவள் மஞ்சள் தண்ணீர் ஊற்றியிருக்கிறாள், இரண்டு வருசம். கூலி இல்லாமல் சுமை தூக்கிய பிள்ளையை, ஏதோ பெரிய பாக்கியம் கிடைத்தவன் மாதிரி குலவை போட்டு அனுப்பியிருக்கிறாள். அதை நினைத்து அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

மறுநாள் வெள்ளனே எழுந்து பள்ளிக்கு நடந்தாள். தாளாளர் அன்றைக்கு அங்கேதான் இருந்தார். இன்ஸ்பெக்டர் வருகிற நாள் நெருங்கிக்கொண்டிருந்ததால் சுவருக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தார்கள். தொழில் வாத்தியார் குழந்தைவேல், சின்ன வயசுக்காரர், கண்ணாடி அலமாரியைத் துணி வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன பொம்பளை, என்ன வேணும்?" என்றார் தாளாளர்.

"எம் மகனுக்கு என்ஜின் ஓட்டச் சொல்லிக் குடுக்கணுமுங்க."

"சொல்லிக் குடுத்துக்கிட்டுத்தானே இருக்கோம்? குழந்தைவேல், சொல்லிக் குடுக்கலையா?"

வாத்தியார் கையில் இருந்த துணியை மடித்துக்கொண்டிருந்தார்.

"படம் போட்டுக் காட்டுறாகளாம். பூண்டு ஊன்றதைப் படம் போட்டுப் படிச்சவனை உங்க தோட்டத்துல வேலைக்கு வச்சுக்குவீங்களாங்க?"

"இந்தா பாரு, என்ஜினைக் கண்ட பயலும் சுத்துனா தேஞ்சு போகும். பழுதானா யாரு பொறுப்பு? உன் மகன் ஊர்ல எவனோ வாங்குன ஓட்டை என்ஜினைத் தொட்டுக் கையை ஒடிச்சுக்கிட்டா அதுக்கு நாங்க என்ன செய்ய?"

"தொட்டுப் பழகியிருந்தா ஒடிஞ்சிருக்காதுங்களே."

"பேசாதே! பள்ளிக்கூடத்துப் பேரைக் கெடுத்திருக்கான். பரீட்சைக்கு அவன் பேரை அனுப்பணுமா வேண்டாமான்னு யோசிச்சிட்டிருக்கேன். நீ இங்க வந்து கத்துனா அதுக்கும் வழியில்லாமப் போயிரும். போ, போய்ச் சோலியைப் பாரு."

அன்னக்கொடி வாத்தியாரைப் பார்த்தாள். "வாத்தியாரய்யா, நீங்களாவது சொல்லுங்கய்யா."

குழந்தைவேல் அலமாரிப் பக்கம் திரும்பி மறுபடியும் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். எனக்குத் தாளாளர் மேல் வந்த ஆத்திரத்தைவிட அந்த ஆள் மேல் அதிகம் வந்தது. தாளாளர் திருடன், அவர் வேலை அது. இந்த மனுசனுக்கு என்ன வந்தது?

இரண்டு நாள் கழித்து, சாயங்காலம் சாரல் வருகிற மாதிரி மேகம் இறங்கியது. ஒரு சொட்டு விழவில்லை. பூண்டுத் தாள் நுனியிலிருந்து பாதி வரைக்கும் மஞ்சளாகிவிட்டது. கடைசிப் படியில் இருந்த பாத்தியை அழகுமலை கைவிட்டுவிட்டான். அங்கே நடந்தால் காலடியில் சருகுச் சத்தம் கேட்டது. தகரத்தைக் கட்டிக்கொண்டு ஓடைக்கும் காட்டுக்குமாக ஏறி இறங்கினான். வழியில் எதிர்ப்பட்டவர்கள் அவனுக்கு வழி விட்டார்கள், முகம் கொடுக்கவில்லை.

மறுநாள் இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று தெரிந்தது. முந்தின நாளான அன்றைக்குக் காலையில் தோட்டத்திலிருந்து என்ஜின் ஏறும். அன்னக்கொடி குடத்தில் தண்ணீர் எடுத்து மஞ்சள் கரைத்தாள்.

அழகுமலைக்கு ஆத்திரம் வந்தது. "இன்னுமா ஒனக்குப் புத்தி வரல? எந்த மூஞ்சியை வச்சிக்கிட்டுப் போயி ஊத்தப் போற?"

"நீங்க பேசாமக் கெடங்க" என்று சொல்லிவிட்டுக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். மலைச்சாமியைக் கூடவே வரச் சொன்னாள். கட்டுப் போட்ட கையைத் துண்டில் தொங்கவிட்டுக்கொண்டு அவன் பின்னால் நடந்தான்.

பாதைக் கருப்பனுக்குக் கொஞ்சம் முன்னால், பாதை குறுகுகிற இடத்தில் நின்றாள். அங்கிருந்து பார்த்தால் ஓடையும் ஊர் வாங்கின என்ஜினும் கீழே தெரியும். பையன்கள் ஏறி வந்தார்கள். சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை, எல்லாம் வழக்கம்போல. தாளாளர் முன்னாலேயே பள்ளிக்குப் போய்விட்டார். குழந்தைவேல் வாத்தியார் மட்டும் குடையோடு பின்னால் வந்தார். வேறு பெண்களும் குடத்தோடு நின்றார்கள், பழக்கம் விடவில்லை.

அன்னக்கொடி தண்ணீர் ஊற்றவில்லை. பாதையை மறித்து நின்றாள்.

"எறக்குங்கடா."

முன்கம்புக்காரப் பையன் திகைத்தான். "என்னம்மா?"

"எறக்குன்னு சொன்னேன். இங்கனயே எறக்குங்க."

"கீழ வைக்கக் கூடாதும்மா. வாத்தியாரு..."

"என்னை இடிச்சுத் தள்ளிட்டு அங்கிட்டுப் போ. இல்லைன்னா எறக்கு."

தோளில் அத்தனை கனத்தை வைத்துக்கொண்டு ஒரு பெண்பிள்ளையோடு எவ்வளவு நேரம் வாதாட முடியும்? ஒருவன் பக்கம் சரிந்தது. மெள்ள மெள்ளக் குனிந்து என்ஜினைப் பாதையில் வைத்தார்கள். வைத்ததும் பெண்கள் பக்கமிருந்து ஒரு மூச்சுச் சத்தம் வந்தது. வழியில் சுமை தரையில் பட்டதை அவர்கள் வாழ்நாளில் பார்த்ததில்லை.

குழந்தைவேல் ஓடி வந்தார். "என்னம்மா இது? நாளைக்கு இன்ஸ்பெக்சன். மேனேஜருக்குத் தெரிஞ்சா எனக்கு வேலை இருக்காது."

"இருக்க வேணாம். இந்தா உங்க என்ஜின். இந்தா உங்க பையன்க. எம் மகனும் நிக்கிறான். சொல்லிக் குடுங்க. எப்பிடிச் சுத்துறது, எப்ப அந்த லீவரைப் போடுறது, கையி ஒடியாம எப்பிடிச் செய்யிறதுன்னு சொல்லிக் குடுத்துட்டு அப்புறம் போங்க."

வாத்தியார் குடையை மடக்கினார். சுற்றிலும் பார்த்தார். பிறகு அவர் சொன்னதை அங்கே யாரும் எதிர்பார்க்கவில்லை.

"எனக்கும் தெரியாதும்மா."

"என்னது?"

"நானும் ஓட்டினதில்லை. எனக்குச் சொல்லிக் கொடுத்தவரும் போர்டில்தான் போட்டுக் காட்டினார். புஸ்தகத்தில் இருக்கிறது எல்லாம் மனப்பாடம். கையால் தொட்டதில்லை. தெரியும்னு சொல்லித்தான் வேலையில சேர்ந்தேன். அலமாரியைத் திறந்தால் என் வண்டவாளம் தெரிஞ்சு போகும்னு, சாவி மேனேஜர்கிட்ட இருக்கட்டும்னு நானும் விட்டுட்டேன்."

அன்னக்கொடி சிரித்தாள். கேட்கச் சகிக்காத சிரிப்பு. பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மலைச்சாமி ஒடிந்த கையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு வாத்தியாரையே பார்த்தான்.

"நல்லாருக்குய்யா கதை! ஒங்க வாத்தியாரு ஒங்களை ஏச்சாரு, நீங்க எம் புள்ளைய ஏச்சீங்க, எம் புள்ளைய நம்பி நாங்க கருப்பன் காசைப் போட்டோம். இப்ப காட்டுல பூண்டு சாகுது. சரி. புஸ்தகம் மனப்பாடமுன்னீங்கள்ல? ஒக்காருங்க. அவுகளோட சேந்து நீங்களும் படிங்க. குடையை இப்பிடிக் குடுங்க."

அவர் கொடுத்தார். சட்டையையும் கழற்றிக் கல்மேல் வைத்தார். அந்த இடத்தில்தான் எனக்கு அவர் மேல் இருந்த கோபம் கொஞ்சம் குறைந்தது.

செய்தி எப்படியோ மேலே எட்டிவிட்டது. வெயில் ஏறுவதற்குள் தாளாளர் வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தார். என்ஜினின் மாலையைக் கழற்றி எறிந்துவிட்டு, ஊர் என்ஜினோடு வந்த ஸ்பேனரால் எண்ணெய்க் குழாயைப் பிரித்து வைத்துக்கொண்டு வாத்தியாரும் பையன்களும் குத்துக்கால் வைத்து உட்கார்ந்திருந்தார்கள்.

"தூக்குங்கடா! என்ன கூத்து இது? தூக்குங்க!"

ஒரு பையனும் அசையவில்லை. தாளாளர் அதற்குள் வந்து சேர்ந்திருந்த ராமரிடம் திரும்பினார். "நீ பெரிய மனுசன்தானே? நாலு ஆளைக் கூப்பிடு. தூக்கச் சொல்லு."

ராமர் அன்னக்கொடியைப் பார்த்தார். அவள் குடத்தோடு நின்றுகொண்டிருந்தாள். அவர் துண்டைத் தோளிலிருந்து எடுத்து உதறினார்.

"முடியாதுங்க மொதலாளி. எறக்கியாச்சு. எறங்குனதைத் தூக்குற வழக்கம் எங்க ஊருல கெடையாது."

"வழக்கமா? இது என்ன சாமியாடா? இரும்புடா, இரும்பு!"

"நீங்கதானுங்க சாமின்னீங்க. சந்தனம் பூசுனதும் நீங்கதான். கீழ வைக்கப்படாதுன்னதும் நீங்கதான். சாமின்னு சொல்லிச் சுமக்க வச்சிட்டு, எறக்குனப்புறம் இரும்புன்னா எப்பிடிங்க? இது இனி இங்கதான் இருக்கும்."

"போலீஸைக் கூப்பிடுவேன்!"

"கூப்புடுங்க. இன்ஸ்பெக்டரையும் கூப்புடுங்க. பள்ளிக்கூடத்து என்ஜின் வருசம் பூரா எந்தத் தோட்டத்துல கெடந்துச்சுன்னு அவுகளும் கேக்கட்டும்."

தாளாளர் வாத்தியாரை வைதார், பையன்களை வைதார், திரும்பி மேலே ஏறிப் போனார்.

பிறகு அந்தப் பாதையில் நடந்ததுதான் நரிப்பாறைப் பள்ளியின் முதல் செய்முறை வகுப்பு. வாத்தியார் புத்தகத்தில் இருந்ததை வரி வரியாகச் சொன்னார். பையன்கள் ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தார்கள். தப்பு செய்தார்கள், வாத்தியார்தான் அதிகம் தப்பு செய்தார். குழாயைப் பிரித்துப் பூட்டினார்கள், மறுபடி பிரித்தார்கள். குழாய்க்குள் காற்று அடைத்துக்கொண்டால் எண்ணெய் போகாது என்று புத்தகத்தில் ஒரு வரி இருந்ததாம். அந்த வரிக்கு அர்த்தம் என்ன என்று குழாய் முனையில் நுரை நுரையாகக் கொப்புளம் வந்தபோதுதான் வாத்தியாருக்குப் புரிந்தது. "இதுதாண்டா அது!" என்று சின்னப் பிள்ளை மாதிரி கத்தினார். பெண்கள் கேப்பைக் கூழும் சுட்ட பூண்டும் கொண்டுவந்து கொடுத்தார்கள். அழகுமலை தகரத்தைக் கீழே போட்டுவிட்டு வந்து ஒதுங்கி நின்று பார்த்தான்.

கைப்பிடியை இரண்டு பையன்கள் பிடித்துச் சுற்றினார்கள். லீவரை மலைச்சாமி இடது கையால் பிடித்துக்கொண்டான். உதை வாங்கினவன் அவன்தான், எப்போது போடக் கூடாது என்று அவனுக்குத்தான் தெரிந்திருந்தது. மூன்றாவது தடவையோ நான்காவது தடவையோ, சக்கரம் வேகம் எடுத்துக் காற்றில் ஊளையிட்டபோது, "இப்ப!" என்று தனக்குத்தானே சொல்லி லீவரைத் தள்ளினான். என்ஜின் இருமியது, கறுப்புப் புகையைக் கக்கியது, ஓடியது. பொழுது சாய்ந்துவிட்டதால் ஊர் என்ஜினை மறுநாளைக்கு வைத்துக்கொண்டார்கள்.

காலையில் இன்ஸ்பெக்டர் பள்ளிக்கு வந்தார். என்ஜினுக்கென்று போட்ட சிமிண்டு மேடை காலியாகக் கிடந்தது, என்ஜினீயரிங் வகுப்பில் ஒரு பையன் இல்லை. தாளாளர் ஏதேதோ சொல்லிப் பார்த்திருக்கிறார். இன்ஸ்பெக்டர் அதைக் கேட்காமல் கீழே நடந்து வந்தார், தாளாளரும் பின்னாலேயே வந்தார். அவர்கள் வந்தபோது பையன்கள் ஓடைக்கரையில் ஊர் என்ஜினைச் சுற்றி நின்றார்கள். குழந்தைவேலின் பனியன், முகம், தலைமுடி எங்கும் எண்ணெய்.

"என்ன சார் இதெல்லாம்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"செய்முறை வகுப்பு நடக்குதுங்க சார்" என்றார் குழந்தைவேல். "முதல் தடவையா நடக்குது. மூணு வருசமா நடக்கலை. ஏன்னு மேனேஜரைக் கேளுங்க. என்னையும் கேளுங்க."

அவர் சொல்லி முடிப்பதற்குள் கைப்பிடி சுற்றியது, மலைச்சாமி லீவரைத் தள்ளினான், வத்தலக்குண்டு என்ஜின் குலுங்கி எழுந்தது. குழாய் விறைத்தது. மேல்காட்டிலிருந்து யாரோ கூவினார்கள், தண்ணீர் வந்துவிட்டது என்று. கரையில் நின்ற சனம் அப்படியே காட்டுப்பக்கம் ஓடியது. கடைசிப் படியில் இருந்த பூண்டு செத்ததுதான், அதை இனி எந்தத் தண்ணீரும் எழுப்பாது. மற்றப் படிகளில் இருந்தது பிழைக்கும்.

அன்னக்கொடி ஓடவில்லை. மஞ்சள் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு பையன்கள் முன்னால் வந்தாள். அவர்கள் பழக்கத்தில் காலை முன்னால் வைத்தார்கள்.

"காலு வேணாம். கையை நீட்டுங்க."

எண்ணெய்க் கையை ஒவ்வொருவனும் நீட்டினான். ஊற்றினாள். வாத்தியார் தயங்கிப் பின்னால் நின்றார். "நீங்களுந்தான், நீட்டுங்க" என்றாள். அவருக்கும் ஊற்றினாள். அழுக்கு ஒன்றும் போகவில்லை, மஞ்சளும் எண்ணெயும் கலந்து முழங்கை வழியாக ஒழுகியது.

கடைசியில் மலைச்சாமி வந்தான். இடது கையை மட்டும் நீட்டினான். அன்னக்கொடி அந்த ஒற்றைக் கையைப் பார்த்தாள். குடத்தைச் சாய்க்கப் போனவள் நிமிர்ந்தாள். இன்ஸ்பெக்டருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்த தண்டாயுதபாணியைத் தேடிப் பார்த்து, என்ஜின் சத்தத்துக்கும் மேலே கேட்கும்படியாகக் கத்தினாள்.

"இன்னொரு கை எங்க, மொதலாளி?"